திரும்ப எண்ணாதவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள் மேல் பொறாமை. ஆதங்கம், வருத்தம் என்று வேறு பெயர் வைத்துப் பூசி மெழுகும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. எனக்கு நாற்பத்தாறு. வயிறு எரிந்தால் எரிகிறது என்றுதான் சொல்வேன்.

அவள் என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பியின் மனைவி. ஒரே வீட்டில் கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி அவர்களுக்கு. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியோடு மாடிப்படி ஏறியவள், ஏறும்போதே ஒரு செருப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். இன்றுவரை அவள் செருப்பு இரண்டும் ஓரிடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒரு சாவி தொலைப்பாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பாள், அது பொங்கி அடுப்பை அணைத்த பிறகு வந்து சிரிப்பாள். துவைத்த துணியை மடிப்பதே கிடையாது. நாற்காலியில் குவித்து வைத்து, வேண்டியதை அதிலிருந்து உருவிக்கொள்வார்கள் அந்த வீட்டில். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே என்பதில்தான் எனக்கு எரிச்சல் இரட்டிப்பு.

ஐந்து பெண்களில் அவள் மூத்தவள். அம்மா முதுகுவலியில் படுத்த படுக்கை. அப்பா லாரி எடுத்துக்கொண்டு போனால் பத்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவார். பதின்மூன்று வயதில் நான்கு தங்கைகளை வைத்துக்கொண்டு வீடு நடத்தியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் அவளைக் கேட்டேன்.

"எப்படிடி சமாளிச்சே?"

"நான் எங்கக்கா சமாளிச்சேன்? ஸ்கூலுக்குப் போயிடுவேன். யாருக்கு எது பிடிச்சுதோ அதை அவங்க எடுத்துக்கிட்டாங்க. மூணாவதுக்குச் சமையல் பிடிச்சுது. கடைசிக்குக் கடைக்குப் போறது."

"எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?"

"நடந்திருக்கணும். எல்லாரும் உயிரோடதானே இருக்கோம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வளர்ந்த வீட்டில் நான் கழுவி வைத்த டம்ளரை அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் அலமாரியில் வைப்பாள். நானும் அப்படித்தான் ஆனேன். மழை பெய்தால்கூட நான் வாசலில் நின்று மேற்பார்வை பார்ப்பேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான கூடம் ஒன்றில் எங்களுக்கு வேலை. மேலே தியேட்டரில் ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், கத்திப்பிடி எல்லாம் ரத்தத்தோடு தட்டில் வைத்து லிஃப்டில் இறங்கும். கூடத்தின் ஒரு கோடியில் கழுவுவோம். நடு மேசையில் எண்ணி, தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் சுற்றி, டேப் ஒட்டி, லேபிள் எழுதுவோம். மறு கோடியில் ஆட்டோகிளேவ் என்று ஆள் உயரத்துக்கு ஒரு நீராவி இயந்திரம். அதில் வெந்து வெளியே வரும்போது டேப்பில் உள்ள வெளிர் கோடுகள் கறுத்திருந்தால் கட்டு சுத்தம் என்று அர்த்தம். தட்டில் இருபத்துநாலு கருவி மேலே போனால் இருபத்துநாலும் கீழே வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் அது எங்கே என்பதற்குப் பல பதில்கள் உண்டு. சாக்கடை வலையில் இருக்கலாம், அழுக்குத் துணி மூட்டையில் இருக்கலாம். தைத்து மூடிய வயிற்றுக்குள்ளும் இருக்கலாம்.

அதனால்தான் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். காலை ஷிப்ட் என் பொறுப்பு. எட்டுப் பேர். அவர்கள் எண்ணி அடுக்கிய ஒவ்வொரு தட்டையும் நான் திரும்ப எண்ணுவேன். துணி மடிப்பின் மூலையை இழுத்துப் பார்ப்பேன். டேப் கோணலாக இருந்தால் பிய்த்து மறுபடி ஒட்டச் சொல்வேன். லேபிளில் என் கையெழுத்து விழாமல் ஒரு கட்டும் இயந்திரத்துக்குள் போகாது. எனக்குப் பின்னால் அவர்கள் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. எனக்கு அது தெரியும், தெரிந்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். பத்தொன்பது வருடம் அப்படி ஓடியது.

சின்னவளை அங்கே கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். கழுவும் இடத்தில் சேர்ந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் மாலை ஷிப்டின் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனபோது மேட்ரனிடம் சிபாரிசு செய்ததும் நான்தான். வீட்டு மனுஷி, நம் சொல்பேச்சு கேட்பாள், இரண்டு ஷிப்டும் நம் கைக்குள் இருந்த மாதிரி என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாளே லேபிளில் கை வைத்தாள். கட்டினவர் யாரோ அவரே தன் பெயரை எழுதவேண்டும், பொறுப்பாளர் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மேட்ரனிடம் எப்படிச் சம்மதம் வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது.

"நீ திரும்ப எண்ண மாட்டியா?" என்று கேட்டேன்.

"அவங்க எண்ணிட்டாங்களேக்கா."

"தப்பா எண்ணியிருந்தா?"

"எண்ணினவங்களுக்குத் தோணாதது தாண்டிப் போற எனக்கா தோணப்போகுது?"

இவள் ஒருநாள் மாட்டுவாள், சேர்த்துவிட்டவள் என்று என் தலையும் சேர்ந்து உருளும் என்று பயந்தேன். அது மட்டும்தான் பயம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை இரண்டு ஷிப்டும் ஒன்றாக இருக்கும். அந்த அரை மணியில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் வளர்ந்தது. அவள் ஆட்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். என் ஆட்கள் நான் திரும்பும் பக்கமெல்லாம் கண்ணை வைத்துக்கொண்டு வாய் பேசாமல் வேலை செய்வார்கள். என்னை எல்லோரும் மேடம் என்பார்கள். அவளை அக்கா என்பார்கள். கடுகு என்று என் ஷிப்டில் ஒருத்தி உண்டு. குள்ளம், தொட்டால் பொரிவாள், அதனால் அந்தப் பெயர். சின்னவளைவிட எட்டு வயது பெரியவள். அவளும் அக்கா என்பாள். பத்தொன்பது வருடத்தில் என்னை ஒருவர்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் நானே அதட்டியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

சின்னவளிடம் ஒரு வித்தை இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான் வித்தை. எனக்கு அது வராது. நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதிலையும் சொல்லி, அதில் உள்ள தப்பையும் திருத்திவிடுவேன்.

ஆட்டோகிளேவ் ஓட்டும் நெட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் என் ஷிப்டில் இருந்தவர். அந்த ஆறு வருடத்தில் "சரிங்க மேடம்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறொன்றும் வந்ததில்லை. தினமும் இரண்டு மூன்று கட்டுகள் ஈரமாக வெளியே வரும். ஈரக் கட்டு செல்லாது, பிரித்து மறுபடி கட்டவேண்டும். நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது. பிறகு அவரை மாலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அங்கே ஈரக் கட்டே வரவில்லை. எனக்கு மூக்கில் வியர்த்தது. போய்ப் பார்த்தேன். கட்டுகளைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், நிற்கவைத்து, நடுவில் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"இது யாரு சொன்ன யோசனை?"

"நம்மளோடதுதாங்க மேடம். ஈரம் ஏன் வருது அண்ணேன்னு அக்கா கேட்டாங்க. கேட்டுட்டு நின்னுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் சொன்னேன்."

"எங்கிட்ட ஆறு வருஷம் இருந்தீங்களே, அப்ப தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே மேடம். எப்படி அடுக்கணும்னு நீங்க சொல்வீங்க, நான் அடுக்குவேன்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குக் காதில் புகை வந்தது.

வேலையிடத்தோடு போனால் பரவாயில்லை. வீட்டிலும் அதே கூத்து. அவள் மகளுக்கு எட்டு வயது. தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும், ஒரு சடை காதுக்கு மேலே, மற்றது தோளில். என் மகனுக்குப் பதினேழு. சாக்ஸ் எங்கே என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வான். போன வருடம் கணக்கில் தோற்றுவிட்டான். எனக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரமும் மாடியில் சித்திக்குத் தெரிந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ நோட்டையெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துருவே, அதான்."

"சித்தி என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. என்ன பண்ணப்போறேன்னு கேட்டாங்க."

என்ன பண்ணப்போறே என்று கேட்டாளாம். பெற்றவள் நான் இருக்கும்போது. அன்று மாடிப்படியில் கிடந்த அவள் செருப்பை ஓர் உதை விட்டேன், அது போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அவள் அதையும் வழக்கம்போலத் தானே எங்கோ தொலைத்ததாக நினைத்துக்கொண்டு வேறு செருப்பு வாங்கினாள்.

இந்த நிலையில்தான் மேட்ரன் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே பொறுப்பாளர். தனி அறை, தனி மேஜை, மற்றவர் அவருக்குக் கீழே.

"ரெண்டு பேரோட குறைவு ரிஜிஸ்டரும் வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வரணும். அதைப் பார்த்துட்டுத்தான் முடிவு" என்றார்.

குறைவு ரிஜிஸ்டர் என்றால், தட்டில் ஒரு கருவி குறைந்தால் எழுதவேண்டிய நோட்டு. எந்தத் தட்டு, எது குறைந்தது, எங்கே கிடைத்தது என்று எழுதி வைக்கவேண்டும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஏனென்றால் என் ரிஜிஸ்டரில் நான்கு வருடமாக ஒரு குறைவுகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் 'குறைவு இல்லை', 'குறைவு இல்லை' என்று என் கையெழுத்து. அவளுடையதில் முப்பத்தொரு குறைவுகள். ஒரு நாளில் இரண்டுகூட உண்டு. எனக்கு அந்த அறை வேண்டும். பத்தொன்பது வருடம் நின்ற கால்களுக்கு அந்த நாற்காலி வேண்டும். அதைவிட, அவள் என்னை மேடம் என்று ஒரு தடவையாவது கூப்பிடவேண்டும்.

அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அவளே பேச்செடுத்தாள்.

"நீங்கதான் வருவீங்கக்கா. உங்களுக்குத்தானே வரணும்."

வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அதிலும் எனக்குக் கோபம்தான். போட்டி போட்டாலாவது ஜெயித்த திருப்தி கிடைக்கும். இவள் போட்டிக்கே வராமல் துணியைக் குவியலாக அள்ளிக்கொண்டு இறங்கிப் போகிறாள்.

செவ்வாய்க்கிழமை இரவு என் கடைவாய்ப் பல் கழுத்தறுத்தது. புதன்கிழமை பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி, பேச்சுக் குழறி, இரண்டு நாள் லீவு. நான் லீவு போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. என் ஷிப்டையும் சேர்த்துச் சின்னவளே பார்த்தாள். நான் படுக்கையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் இல்லாமல் என்னென்ன முறியும், எந்தத் தட்டு எங்கே மாறும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வேண்டிக்கொண்டேன். போன் அடிக்கவில்லை. நானே புதன்கிழமை பதினோரு தடவை கூப்பிட்டேன்.

"எல்லாம் சரியா இருக்குங்க மேடம், நீங்க வாயைத் தொறக்காம ரெஸ்ட் எடுங்க" என்று கடுகு வைத்துவிட்டாள். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. என் ஷிப்டில், காலை பத்தரை மணிக்கு, சிரிப்பு.

வியாழக்கிழமை மதியம் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை அங்கேயே மறந்துவிட்டேன் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்தபோது என் எட்டுப் பேரும் நடு மேசையைச் சுற்றி நின்றார்கள். சீக்கிரமே வந்துவிட்ட நெட்டையும் இருந்தார். மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் தகரடப்பா திறந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் கடுகு சட்டென்று ஒரு துணியை எடுத்து அதன்மேல் போட்டாள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. போன மாதம் சேர்ந்த ஒருத்தி, புதுசு என்று கூப்பிடுவோம், கையில் பேனாவோடு அழுதுகொண்டிருந்தாள். சின்னவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், பேஷண்ட் இன்னும் ரிக்கவரி ரூம்லதானே இருக்காங்க? வார்டுக்கு அனுப்பாதீங்க. எக்ஸ்ரே எடுத்துடுங்க. ஒரு கிளாம்ப் குறையுது. ஆமா, உங்க சீட்டுல இருபத்துநாலுன்னு போட்டிருக்கு. இங்க வந்தது இருபத்துமூணு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஐயோ, கன்னம் என்னக்கா இப்படி வீங்கியிருக்கு? உக்காருங்க."

"என்ன டப்பா அது?" என்றேன். வாயில் பஞ்சு இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

புதுசுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"கழுவும்போதே இருபத்துமூணுதான் மேடம். வழக்கமா எடுக்கற மாதிரி டப்பாவுலேர்ந்து ஒண்ணு எடுத்து வெச்சு, கட்டி முடிச்சுட்டேன். அப்புறம் லேபிள்ல என் பேரை எழுதணும்ல. நேத்துலேர்ந்து எழுதிக்கிட்டுதான் இருக்கேன். இதுல எழுதக் கை வரல. அக்காகிட்ட சொல்லிட்டேன்."

வழக்கமா. சேர்ந்து ஒரு மாதம் ஆனவள் வழக்கமா என்கிறாள்.

நான் கடுகைப் பார்த்தேன். அவள் துணியை எடுத்துவிட்டாள். டப்பாவுக்குள் கிளாம்பும் கத்தரியுமாகக் கிடந்தன.

"நாலு வருஷமா இருக்குங்க மேடம், டேப் பெட்டிக்குப் பின்னாடி. சில நாள் ஒரு தட்டுல ஒண்ணு கூட வரும். அதை இதுல போட்டுருவோம். குறைஞ்சா இதுலேர்ந்து எடுத்து நீங்க எண்ண வர்றதுக்குள்ள வெச்சுருவோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

தெரியும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கத்தரி குறைந்தது. எட்டுப் பேரையும் மாலை ஆறு மணிவரை வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொருவர் பையையும் மேசைமேல் கொட்டச் சொன்னேன். ஒருத்தியின் பையிலிருந்து ஆண்கள் முன்னால் விழக்கூடாதது எல்லாம் விழுந்தது. அவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. கத்தரி சாக்கடை வலையில் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் என் ரிஜிஸ்டர் சுத்தமாயிற்று. என் கண்டிப்புக்குப் பயந்து கருவிகளே ஒழுங்குக்கு வந்துவிட்டன என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தட்டையும் திரும்ப எண்ணினேனே, எண்ணியது எல்லாம் அவர்கள் எனக்காக நிரப்பி வைத்ததை. அந்தக் கூடத்தில் நான் எண்ணாமல் விட்ட ஒரே பொருள் அந்த டப்பா.

அடுத்த நாற்பது நிமிடம் நடந்ததை நான் சுவரோரமாக நின்று பார்த்தேன். சின்னவள் யாரையும் ஏவவில்லை. "எங்கெங்க பார்க்கலாம்?" என்று ஒரு தடவை கேட்டாள். புதுசு சாக்கடை வலையைக் கழற்றினாள். இரண்டு பேர் லிஃப்டுக்குள் தரையில் படுத்துத் தடவினார்கள். கடுகு அழுக்குத் துணி வண்டி லாண்டரிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று சொல்லிக்கொண்டே ஓடினாள், நெட்டை அவள் பின்னால் ஓடினார். ஏதாவது உத்தரவு போட நானும் வாயைத் திறந்தேன். போடுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. இவ்வளவும் தெரிந்தவர்கள் என் ஆட்கள். எட்டு மணி நேரமும் என் கண்ணெதிரில் இருந்தவர்கள். எனக்குக் காட்டாத ஒன்றை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மேலே ஒரு மனுஷி மயக்கம் தெளியாமல் கிடக்கிறாள், எனக்கு அந்த நேரத்திலும் பொறாமை.

முதலில் போன் வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கடுகு கிளாம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பச்சைத் துணி மூட்டையின் அடியில், மடிப்புக்குள் கிடந்ததாம். ஓடிவந்த வேகத்தில் சின்னவளைக் கட்டிக்கொண்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். சின்னவள் என் மேஜையிலிருந்து காலை ஷிப்டின் குறைவு ரிஜிஸ்டரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் டப்பாவையும் வைத்தாள். நான் அவளை முந்திக்கொண்டேன்.

"கிளாம்ப் கிடைச்சுருச்சு. அதை எழுதிடறேன். தியேட்டருக்கும் தெரிஞ்சு போச்சு, எழுதாம முடியாது."

"ம்."

"டப்பா சமாச்சாரம் இந்தக் கூடத்தை விட்டு வெளிய யாருக்கும் தெரியாது."

"தெரியாதுக்கா."

"நீ மேட்ரன்கிட்ட சொல்லுவியா?"

"நான் ஏன்க்கா சொல்றேன்? அது உங்க ஷிப்ட்."

சொல்லமாட்டாள். கோள் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது, பாவி, அந்த ஒரு குறையாவது இருந்திருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்தது. கிளாம்பை மட்டும் எழுதினால் நான்கு வருடத்தில் ஒரே ஒரு குறைவு, அதுவும் நான் லீவில் இருந்த நாளில், அவள் பொறுப்பில் இருந்தபோது. அறை எனக்கு, நாற்காலி எனக்கு. டப்பாவை எழுதினால் நான்கு வருடத்து 'குறைவு இல்லை' அத்தனையும் பொய் என்று ஆகும். கையெழுத்தெல்லாம் என்னுடையது.

"இப்ப நான் என்ன எழுதணும்னு சொல்றே?" என்று கேட்டேன். எழுது என்று சொன்னால் சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். எழுதாதீங்க என்று சொன்னால், அந்தத் தயவை வைத்தே அவளை ஆயுசுக்கும் வெறுக்கலாம்.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "உங்க ரிஜிஸ்டர்க்கா. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். பிறகு தியேட்டருக்குப் போகவேண்டிய தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. நெட்டையிடம் செய்ததை, புதுசிடம் செய்ததை, என் மகனிடம் செய்ததை இப்போது என்னிடம் செய்துவிட்டுப் போகிறாள். பத்தொன்பது வருடத்து ஆளான என்னையும் அவள் ஷிப்டில் சேர்த்துவிட்டாள்.

லிஃப்ட் வர நேரமாயிற்று. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் நாலு தடவை திரும்பியிருப்பேன். இல்லை, பேனா ஓடும்வரை தோளுக்குப் பின்னாலேயே நின்றிருப்பேன். லிஃப்ட் வந்தது. உள்ளே போனாள், கதவு மூடியது.

டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். பதினொன்று இருந்தன. எழுதினேன். நான்கு வருடத்தில் என் ஷிப்டில் எத்தனை தடவை குறைந்தது என்று எனக்குத் தெரியாது என்றும் எழுதினேன். டப்பா வந்ததற்குக் காரணம் நான்தான் என்பதையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் நான் பொய்தான் எழுதியிருப்பேன்.